டிராகனுக்கு "ங்க" போட வேண்டுமா?

காந்திபுரத்தில் ஈரோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் புத்தகப் பிரியர் யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

நெப்போலியன் காலம். பிரிட்டிஷ் கப்பற்படை கேப்டன் ஒருவர் ஒரு பிரெஞ்சுக் கப்பலைப் பிடிக்கிறார். கப்பலுக்குள் பெரிய முட்டை ஒன்று இருக்கிறது. முட்டை உடைந்து வெளியே வரும் டிராகன் குட்டி, சுற்றி நிற்கும் எல்லாரையும் விட்டுவிட்டு நேராக கேப்டனிடம் வந்து பேச ஆரம்பிக்கிறது. அத்தோடு அவருடைய கப்பல் வேலை போச்சு. பார்த்து வைத்திருந்த பெண் போச்சு. அப்பாவின் மதிப்பும் போச்சு. இனிமேல் அவர் டிராகன் படையில் கேப்டன். ஆனால் அந்த வேலை கௌரவமான குடும்பத்துப் பையன்கள் செய்யும் வேலை இல்லை!

கேட்டவர் சொல்லப்போகும் பதில் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

"இதெல்லாம் சின்னப்பசங்க சமாச்சாரமுங்க."

"சரித்திரத்தைக் கெடுக்கறாங்க."

"வெள்ளைக்காரன் கதை நமக்கு எதுக்குங்க?"

மூன்றுமே மரியாதையாகத்தான் சொல்லப்படும், கொங்கு ஆயிற்றே. ஆனால் மூன்றுமே தப்பு. கொங்கு நாட்டில் பிறந்தவர் வாயிலிருந்து வரும்போது இரண்டு மடங்கு தப்பு. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜுக்கு மனநிலை சரியில்லாமல் போனதால் அவர் பெயரில் மகன் ஆட்சி நடத்திய காலம் 1811 முதல் 1820 வரை. அதற்கு ரீஜென்சி என்று பெயர். ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் அச்சில் வந்ததும் இந்த வருடங்களில்தான். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' 1813, 'எம்மா' 1815 கடைசி. யார் யாருக்கு முதலில் தலை குனிந்து வணக்கம் சொல்வது, யார் வீட்டுக்கு யார் முதலில் போவது, எந்தப் பெண் எந்தப் பையனோடு எத்தனை முறை ஆடலாம்... இதுதான் அந்த உலகம். இந்த உலகத்துக்குள் மந்திரத்தையோ டிராகனையோ கொண்டுவந்து விட்டு எழுதுவது ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. சூசன்னா கிளார்க் 2004-ல் மந்திரவாதிகளை வைத்து எழுதினார். மேலே சொன்ன டிராகன் கதை நவோமி நோவிக்கின் 'டெமரேர்'. 2006-ல் ஆரம்பித்து 2016-ல் ஒன்பதாவது புத்தகத்தோடு முடிந்தது. ஜோ வால்டனின் 'டூத் அண்ட் க்ளா' 2003-ல் வந்து, அடுத்த வருடம் உலக ஃபேன்டசி விருது வாங்கியது. கறாராகச் சொன்னால் அது ரீஜென்சி இல்லை, ஒரு தலைமுறை பிந்திய விக்டோரியா காலத்து நாவல்களைப் பார்த்து எழுதியது. ஆனால் சொந்தக்காரர்கள் அதேதான்.

இப்போது கடைசிப் பதிலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வெள்ளைக்காரன் கதை நமக்கு எதுக்கு?

ஆஸ்டின் நாவல்களை வெறும் காதல் கதை என்று நினைப்பவர்கள் அதை ஒரு முறை கணக்குப் பாடம் மாதிரிப் படித்துப் பார்க்க வேண்டும். டார்சிக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு. பென்னட் குடும்பத்துக்கு இரண்டாயிரம். ஆண் வாரிசு இல்லாததால் வீடும் நிலமும் ஒரு தூரத்துச் சொந்தக்காரருக்குப் போகப்போகிறது. ஐந்து பெண்களுக்கும் கையில் எதுவும் நிற்காது. கதை முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. "எத்தனை ஏக்கரு? கெணத்துல தண்ணி இருக்குதா? எந்தக் கூட்டம்? பையனுக்குக் கூடப்பொறந்தவங்க எத்தனை பேரு?" என்று கேட்கும் கொங்கு நாட்டுக் கல்யாணத் தரகரை லாங்க்போர்ன் கிராமத்தில் இறக்கிவிட்டால் அரை மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்துவிடுவார். மொழி மட்டும்தான் பிரச்சினை.

கொங்கு நாட்டில் கல்யாணம் என்பது சீர்களின் வரிசை. ஒரே கூட்டத்துக்குள் பெண் எடுக்க முடியாது. அருமைக்காரர் இல்லாமல் சீர் இல்லை. மாப்பிள்ளையின் சகோதரிக்கு இணைச்சீர் என்று தனி இடம். மொய் நோட்டு இருக்கிறதே, அது இரட்டைப் பதிவுக் கணக்கின் தம்பி. யார் எவ்வளவு எழுதினார், அவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பி எவ்வளவு எழுத வேண்டும் என்பது மூன்று தலைமுறைக்கு ஞாபகம் இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு "ரீஜென்சி நாகரிகமெல்லாம் நமக்குப் புரியாது" என்று சொல்வது பொய்.

இன்னொன்று. அந்த உலகம் அவ்வளவு தூரத்தில் இருந்ததும் இல்லை. ஜேன் ஆஸ்டினின் அத்தை பிலடெல்பியா 1752-ல் கப்பலேறி மெட்ராஸ் வந்தார். எதற்கு? மாப்பிள்ளை தேடி. சொத்தில்லாத இங்கிலாந்துப் பெண்களுக்குக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் நல்ல வரன். அடுத்த வருடமே, கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் டாக்டராக இருந்த டைசோ சால் ஹான்காக்கைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆஸ்டின் நாவலில் வரவேண்டிய ஒரு முழுக் கதை கடலூரில் நடந்திருக்கிறது!

கோவைக்கு வருவோம். 1799-ல் திப்பு இறந்தபிறகு கோயம்புத்தூர் சீமை கம்பெனி கைக்குப் போனது. 1800-ல் ஃபிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டர் கம்பெனி உத்தரவின் பேரில் இந்தப் பக்கமெல்லாம் சுற்றி, என்ன விளைகிறது, என்ன நெய்கிறார்கள், யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று எழுதி வைத்தார். 1805 ஜூலை 31-ல் தீரன் சின்னமலையை சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். 1819-ல், அதாவது அசல் ரீஜென்சி வருடங்களில், கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மலை ஏறினார். காந்திபுரத்தில் சேலம் பஸ் ஏறினால் வழியில் சங்ககிரி மலை தெரியும். மேட்டுப்பாளையம் பஸ் ஏறினால் சல்லிவன் ஏறிய மலை எதிரே தெரியும். அந்தக் காலம் இங்கேயும்தான் நடந்தது. அதை வைத்து எழுதியவர்கள்தான் குறைவு.

நோவிக்கின் டிராகன் ஒன்பது புத்தகங்களில் சீனா போகிறது, இஸ்தான்புல் போகிறது, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இன்கா நாடு, ஜப்பான், ரஷ்யா எல்லாம் போகிறது. கதையில் டிராஃபல்கர் கடற்போர்கூட வருகிறது. அது நடந்தது 1805 அக்டோபரில், சின்னமலை தூக்கிலேறி மூன்று மாதத்துக்குள். ஆனால் கொங்கு நாட்டுப் பக்கம் அந்த டிராகன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதற்கு நோவிக்கைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரின் 1805-ஐ எழுத வேண்டியது நியூயார்க்கில் பிறந்தவரின் வேலை இல்லை.

சரித்திரத்தைக் கெடுக்கறாங்க

இதுதான் மூன்றிலும் ரொம்ப கௌரவமாகச் சொல்லப்படுவது. சொல்பவர் பெரும்பாலும் பொன்னியின் செல்வனை நான்கு முறை படித்தவராக இருப்பார்.

அவருக்கு ஒரு கேள்வி. நந்தினி யார்?

நந்தினி கல்கியின் கற்பனை. ஊமைராணியும் பூங்குழலியும் அப்படித்தான். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியது ஒரு நாவல். அதில் கல்வெட்டில் உள்ள பெயர்களும் இருக்கின்றன, அவர் மனதில் பிறந்த பெயர்களும் இருக்கின்றன. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படம் வந்தபோது என்ன ஆயிற்று? கல்கியின் கற்பனையைச் சோழர் வரலாறாக நினைத்துக்கொண்டு "வரலாற்றைத் திரித்துவிட்டார்கள்" என்று சண்டை போட்டவர்கள் எத்தனை பேர்! நாவலில் இருந்து படம் விலகினால் அது வரலாற்றுக்குத் துரோகமாம்.

சரித்திர நாவலின் ஆபத்து இதுதான். அது நிஜம் மாதிரியே உடை உடுத்திக்கொண்டு வரும். எது கல்வெட்டு, எது கற்பனை என்று வாசகருக்குத் தையல் தெரியாது. இந்த விஷயத்தில் டிராகன் ரொம்ப நேர்மையான பிராணி. முதல் அத்தியாயத்திலேயே எழுந்து நின்று "இது நடக்கவில்லை" என்று சொல்லிவிடுகிறது. 'டெமரேர்' படித்துவிட்டு பரீட்சையில் நெப்போலியனிடம் டிராகன் படை இருந்தது என்று யாரும் எழுதப்போவதில்லை. ஆக, சரித்திரத்தைக் கெடுப்பது யார்?

இது வெறும் இலக்கிய அரட்டை இல்லை. கதையை ஆவணமாகப் படித்தால் என்ன நடக்கும் என்று இந்தப் பகுதிக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. காளி, பொன்னா என்று குழந்தையில்லாத ஒரு தம்பதி. வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம், திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமம். ஊர் எப்படிப் பேசும், விசேஷ வீட்டில் அவர்களை எங்கே நிறுத்தும், எந்தச் சீருக்குக் கூப்பிடாமல் விடும்... இதுதான் நாவலின் பாதி. ஆஸ்டின் எழுதியிருக்கக்கூடிய விஷயம்தான், இன்னும் நூறு மடங்கு வலியோடு. நான்கு வருடம் கழித்து 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் புத்தகத்தை எரித்தார்கள். கடையடைப்பு நடந்தது. கோயில் திருவிழாவைப் பற்றி நாவலில் வரும் பகுதி ஊரையும் பெண்களையும் அவமதிக்கிறது என்றார்கள். 2015 ஜனவரி 12-ல் நாமக்கல் கலெக்டர் ஆபீசில் அதிகாரிகள் முன்னால் பேச்சுவார்த்தை. எழுத்தாளர் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று தன் ஃபேஸ்புக் பக்கத்தில் தானே அறிவித்தார். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லும்வரை அவர் பேனா மூடித்தான் இருந்தது.

அந்த நாவலில் டிராகன் இல்லை. பேய் இல்லை, மந்திரம் இல்லை. மனிதர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அதுதான் பிரச்சினை ஆயிற்று.

சின்னப்பசங்க சமாச்சாரம்

திரும்பி வந்த பெருமாள்முருகன் எழுதிய நாவல் எது? 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. 2016. முன்னுரையிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். மனிதர்களைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது, தெய்வங்களைப் பற்றி எழுத இன்னும் பயம். அசுரர்களைப் பற்றி எழுதலாம். மிருகங்களிலும் மாட்டையும் பன்றியையும் தொட முடியாது, மிச்சமிருப்பது ஆடுதான் என்று போகிறது அந்தக் கணக்கு. சிரித்துக்கொண்டே படிக்கலாம். படித்து முடித்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

கதை நடப்பது அசுர லோகம் மாதிரி ஓரிடம். ஒரு ராட்சத ஆள் ஒரு கிழவனிடம் கறுப்பு ஆட்டுக்குட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஆட்டுக்கு அரசாங்கம் காது குத்தி அடையாளம் போடுகிறது. அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். குட்டி எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்பார், பதில் சொல்ல வேண்டும். கறுப்பு ஆடு இருட்டில் தெரியாது என்பதால் அரசுக்கு அந்த நிறமே ஆகாது. இது சின்னப்பசங்க சமாச்சாரமா? கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்து மன்னிப்பு எழுதிக் கொடுத்த ஒரு மனிதர் எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

மனிதர்களை வைத்துச் சொன்னால் புத்தகம் எரியும். ஆட்டை வைத்துச் சொன்னால் விருதுப் பட்டியலில் வரும். ஆடு எந்தக் கூட்டம் என்று யாரும் கேட்க முடியாதே!

"அது வேறங்க, அது நவீன இலக்கியம்" என்பார்கள். சரி, பழசுக்கே போவோம். அண்ணன்மார் கதை. பொன்னர் சங்கர் என்றால் கொங்கு நாட்டில் தெரியாதவர் இல்லை. உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடிய கதை. வீரப்பூரில் இன்றைக்கும் திருவிழா. கருணாநிதி நாவலாக எழுதினார், 2011-ல் சினிமாவாகவும் வந்தது. பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் 1960-களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, பல இரவுகள் பாடக்கேட்டு இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்து, 1982-ல் ஆங்கிலத்தில் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

அந்தக் கதையில் பங்காளிச் சண்டை, நிலத் தகராறு, கல்யாணச் சிக்கல் எல்லாம் உண்டு. கூடவே கொம்பன் என்ற ராட்சதக் காட்டுப்பன்றி. வேட்டுவர் வீட்டுப் பெண் செல்லமாக வளர்த்தது. கொம்பனை வேட்டையாட அண்ணன்மார் படையோடும் பெரிய பெரிய நாய்களோடும் கிளம்புகிறார்கள். பொன்னாச்சி என்ற குட்டி நாயை மட்டும் கூப்பிடவில்லை. "என்னைக் கூப்பிடாமல் போயிட்டாங்களா?" என்று பொன்னாச்சிக்குக் கோபம். சாபம் விடுகிறது. படையே படுத்துவிடுகிறது. கடைசியில் தப்பை உணர்ந்து, ஆளனுப்பி, மரியாதையோடு அழைத்து வந்தபிறகுதான் கொம்பன் சாகிறான். அதற்கு வழி செய்வதே அந்தக் குட்டி நாய்தான்.

இதைவிட ஒரு "மரியாதைக் கதை" உண்டா? கல்யாணப் பத்திரிகை வைக்காமல் விட்ட சித்தப்பா மாதிரி ஒரு நாய்! நாகரிகச் சட்டங்களையும் அதிசய மிருகத்தையும் ஒன்றாகக் கட்டிய கதையை நூற்றாண்டுகளாகக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆளி என்ற மிருகம் சங்கப் பாட்டிலேயே யானையை அடித்துத் தின்கிறது. நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களில் யாளியாக நிற்கிறது. அதன் கீழே உட்கார்ந்து பிரசாதம் சாப்பிட்டுவிட்டு வந்து, டிராகன் என்றால் மட்டும் "குழந்தைத்தனம்" என்பது என்ன நியாயம்?

சரி, மிருகம் எதற்கு?

இங்கேதான் முக்கியமான இடம். இந்த வகையில் வரும் எல்லாப் புத்தகமும் நல்ல புத்தகம் என்று யாரும் சொல்லவில்லை. நிறைய குப்பை உண்டு. பழைய ஆஸ்டின் கதையையே எடுத்து, கவுன், டீ பார்ட்டி, மேலே பறக்க ஒரு டிராகன் என்று போட்டு விற்பார்கள். அந்த டீக்குப் போடும் சர்க்கரை எந்த அடிமைத் தோட்டத்திலிருந்து வந்தது, அந்த கவுனின் மஸ்லின் யார் நெய்தது என்ற கேள்வியே வராது. அதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. மிருகத்தை எடுத்துவிட்டுக் கதையைப் படியுங்கள். கதை அப்படியே நின்றால் மிருகம் வெறும் கறிவேப்பிலை. கதை விழுந்துவிட்டால் அது அசல் சரக்கு.

'டூத் அண்ட் க்ளா'வில் எல்லாப் பாத்திரங்களும் டிராகன்கள்தான். அப்பா செத்துவிடுகிறார். பிள்ளைகள் அவர் உடலைப் பங்கு போட்டுத் தின்ன வேண்டும், அதுதான் சொத்து, தின்றால்தான் வளர முடியும். மாப்பிள்ளை அதிகமாகத் தின்றுவிட்டார் என்று கேஸ் கோர்ட்டுக்குப் போகிறது! கல்யாணமாகாத பெண் டிராகனை ஓர் ஆண் நெருங்கினாலே அவள் செதில் நிறம் மாறிவிடும். ஊருக்கே தெரிந்துவிடும், மானம் போச்சு. பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் தின்கிறார்கள் என்று தமிழில் பேச்சுக்குச் சொல்கிறோம். பெண்ணின் மானம் அவள் உடம்பில் இருக்கிறது என்று வெட்கமில்லாமல் நம்புகிறோம். வால்டன் அந்தப் பேச்சை அப்படியே நிஜமாக்கிவிட்டார், அவ்வளவுதான்.

'டெமரேர்' நாவலில் லாங்விங் என்று ஓர் இனம். அமிலம் துப்பும். போருக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் பெண் கேப்டன்களை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். வேறு வழியில்லாமல் பிரிட்டிஷ் ராணுவம் பெண்களுக்கு கேப்டன் பதவி கொடுத்து, வெளியே தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறது. கால்சட்டை போட்ட பெண் அதிகாரியைப் பார்த்ததும் கதாநாயகன் லாரன்ஸுக்கு மூச்சே நின்றுவிடுகிறது. "பெண்ணால் முடியாது" என்ற சட்டம் இயற்கை இல்லை, தேவை வந்தால் ஒரே நாளில் மாறும் என்று காட்ட ஒரு டிராகன் போதுமானதாக இருக்கிறது.

இன்னும் பெரிய விஷயம் சீனா போனபிறகு வருகிறது. அங்கே டிராகன்கள் தெருவில் நடக்கின்றன, படிக்கின்றன, காசு வைத்துச் செலவு செய்கின்றன. இங்கிலாந்தில் அவற்றுக்கு மூட்டையைத் தூக்கும் குதிரையின் இடம்தான். ஊர் திரும்பும் டெமரேர், எங்களுக்குச் சம்பளம் ஏன் இல்லை என்று கேட்க ஆரம்பிக்கிறது. லாரன்ஸிடம் பதில் இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. அடிமை வியாபாரத்தை எதிர்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். டிராகனிடம் உயிரையே வைத்திருக்கிறார். தேனொழுகப் பேசுகிறார். ஆனால் அன்பும் மரியாதையான பேச்சும் வேறு, உரிமை வேறு என்று அவருக்குக் கற்றுக்கொடுக்க ஒரு மிருகம் தேவைப்படுகிறது.

இந்த இடத்தில்தான் கொங்கு வாசகருக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும்.

"ங்க" போட்டுப் பேசுவதில் இந்தப் பகுதிக்கு ஏகப்பட்ட பெருமை. ஏனுங்க, வாங்க, சொல்லுங்க. சின்னக் குழந்தைக்குக்கூட "ங்க" போடும் ஊர் என்று சினிமாக்காரர்கள் வரை சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த "ங்க" எல்லாருக்கும் போனதா? எழுபது வயது அருந்ததியர் பெரியவரைப் பத்து வயதுப் பண்ணையக்காரர் மகன் பெயர் சொல்லி, "டா" போட்டுக் கூப்பிட்ட காலம் ஒன்றும் சோழர் காலம் இல்லை. அதே பெரியவர் அந்தப் பையனுக்கு "சாமி" போட வேண்டும். டீக்கடையில் தனி டம்ளர். ஆடு மேய்க்கப் பண்ணையத்தில் விடப்பட்ட பையன்களின் வாழ்க்கையை இதே பெருமாள்முருகன் 2000-ல் 'கூளமாதாரி'யில் எழுதியிருக்கிறார். மரியாதை தெரிந்த ஊர்தான். யாருக்கு மரியாதை கிடையாது என்பதையும் துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்த ஊர். ஆஸ்டினின் சீமான்களும் அப்படித்தான். நூறு விதமாக வணக்கம் சொல்லத் தெரியும், டீ கொண்டுவரும் வேலைக்காரிக்கு நாவலில் பெயர்கூட இருக்காது.

மனிதர்களை வைத்து இதைச் சொன்னால் உடனே "எந்தச் சாதியைச் சொல்ற?" என்ற கேள்வி வரும். புத்தகத்தை மூடிவிட்டுச் சட்டையைப் பிடிப்பார்கள். ஒரு மிருகம் கேட்டால்? சபைக்குள் நுழைந்து, சட்டம் எதுவும் தெரியாமல், "அவருக்கு மட்டும் ஏன் நீங்கள் 'ங்க' போடவில்லை?" என்று ஒரு யாளி கேட்டால் என்ன செய்வார்கள்? யாளியிடம் மன்னிப்புக் கடிதம் வாங்க எந்த ஆபீசில் பேச்சுவார்த்தை நடத்துவார்கள்?

மிருகம் கதைக்குள் வருவது தப்பிப்பதற்கு இல்லை. மனிதர்கள் கேட்டால் அடி விழும் கேள்வியைக் கேட்பதற்கு.

ஆகவே தமிழில் வர வேண்டியது இன்னொரு சோழ இளவரசனின் குதிரைப் பயணம் இல்லை. அது போதும் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. கல்கிக்கு முன்னால் ஸ்காட்டும் டூமாவும் இருந்தார்கள், அவர்களிடம் கற்றதை அவர் தனதாக்கிக்கொண்டார். கல்கிக்குப் பின்னால் வந்த பலர் கல்கியையே திரும்ப எழுதினார்கள். 1800-ல் கோயம்புத்தூர் இருக்கிறது. ஒரு பக்கம் பாளையக்காரர்கள், ஒரு பக்கம் கம்பெனி சிப்பாய்கள், நடுவில் நோட்டுப் புத்தகத்தோடு புக்கானன். காளிங்கராயன் வாய்க்கால் பாசனம், தறிச் சத்தம், சீர் வரிசைகள், தீண்டாமை எல்லாம் இருக்கிறது. அந்த உலகத்துக்குள் கொம்பனைக் கொண்டுவந்து விடுங்கள். இந்த முறை வேட்டையாடுகிறவர்களின் பக்கம் நின்று வேண்டாம். அவனை வளர்த்த வேட்டுவர் பெண்ணின் பக்கம் நின்று எழுதுங்கள். காட்டை அழித்துக் காடு ஆக்கினார்களே (கொங்கில் வயலுக்கும் பெயர் காடுதான்!), அந்தக் கதை கொம்பனுக்கு எப்படித் தெரியும் என்று எழுதுங்கள்.

அப்படி ஒன்று வந்தால் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு புத்தகப் பிரியர் என்ன சொல்வார்? முதலில் "சின்னப்பசங்க சமாச்சாரம்" என்றுதான் சொல்வார். சொல்லட்டும். அவினாசி தாண்டுவதற்குள் பாதி புத்தகம் முடிந்திருக்கும். பெருந்துறை வரும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுகிறோம், டிக்கெட் கொடுக்கும் கண்டக்டரிடம் எப்படிப் பேசுகிறோம், பஸ் ஸ்டாண்டில் கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் எப்படிப் பேசினோம் என்று அவரே ஒரு முறை யோசித்துப் பார்ப்பார்.

பி.கு: தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில், ஆமாங்க, போட வேண்டும். டிராகன் நெருப்புக் கக்கும் என்பதற்காக அல்ல. பேசுகிற யாருக்கும் போட வேண்டும் என்பதற்காக.